இடப்பக்கம் வரும் குத்து

கராச்சர்மா,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தேவேந்திரன் எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் ஷோபனாவும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் வலி விட்டதா? போன வாரம் மூன்று முறை போன் போட்டேன். நீ "யாரு, தேவாவா?" என்று கேட்பதற்குள் மூன்று முறையும் லைன் செத்துவிட்டது. கச்சால் தீவில் டவர் வைத்தவர்களுக்குக் கடிதத்தின் மேல் ஏதோ பாசம் போலிருக்கிறது.

ஒரு செய்தி, சிரிக்காதே. நாற்பத்து மூன்று வயதில் நான் குத்துச்சண்டை பழகப் போகிறேன். ஜங்லிகாட்டில் என் சிமெண்ட் கடைக்கு எதிரே ஒரு டயர் பட்டறை இருக்கிறது. அதன் மாடியில் சாயங்காலம் வகுப்பு நடக்கிறது. யாரும் போட்டிக்குப் போகிறவர்கள் இல்லை. பேங்கில் வேலை செய்கிற ஒருவர், ஒரு தையல்காரர், காலேஜ் பெண்கள் இரண்டு பேர், எல்லோரும் உடம்புக்காக வருகிறவர்கள். சொல்லித் தருவது வைஜெயந்தி என்கிற பெண். வயது இருபத்தாறு. என்னைப் பார்த்ததும் "அங்கிள், லிஃப்ட் இல்ல, படி ஏறுவீங்களா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுகர் இருக்கிறது, உடம்பை அசைக்கச் சொல்லி டாக்டர் சொன்னார். அதற்காகத்தான் சேருகிறேன். வேறு காரணம் ஒன்றுமில்லை.

முதல் நாள் படிக்குக் கீழேயே கால் மணி நேரம் நின்றேன். மேலே பையைக் குத்தும் சத்தம் கேட்டது. பஸ் ஸ்டாப் வரை போய்விட்டுத் திரும்பி வந்துதான் ஏறினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் தம்பி
தேவேந்திரன்

---

கச்சால்,
3 மார்ச் 2025

பாசமுள்ள தம்பி தேவாவுக்கு,

அக்கா மரகதம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் ஷோபனாவும் சுகமாக இருக்க அம்மாளை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் கப்பலுக்குக் காத்திருந்து பதினேழு நாள் கழித்து வந்தது.

சிரிக்காதே என்று எழுதினாய். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சித்ராவுக்கும் வாசித்துக் காட்டி இரண்டு பேரும் சிரித்தோம். கோழி அறுக்கிற அன்று குசினிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிற பிள்ளை நீ. ஒரு அடியாவது வாங்கினாயா, இல்லை அந்தப் பெண்ணே பாவம் பார்த்து விட்டுவிட்டாளா?

முழங்கால் தேவலை. தோள்தான் இப்போது வலிக்கிறது. கதவு நிலையில் இடித்துக்கொண்டேன். இருபது வருஷமாக அந்த நிலை அங்கேயேதான் நிற்கிறது, இடிக்கிறவள் நான்தான் புதிது. தோட்டத்தில் கங்காணி தம்பையாவுக்கு என்மேல் கோபம். இரண்டு மரத்தைப் பால் வெட்டாமல் விட்டுவிட்டேனாம். விடிவதற்கு முன்னால் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போகிறவளுக்கு அந்த வட்ட வெளிச்சத்தில் விழுகிறதுதானே தெரியும்? அதைச் சொன்னேன். "மத்தவங்களுக்கும் அதே லைட்டுதானே மரகதம்" என்கிறார். வயதாகிறதல்லவா, வாய் அவருக்கு நீண்டுவிட்டது.

கருவாடு அனுப்பட்டுமா?

அக்கா
மரகதம்

---

கராச்சர்மா,
25 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். தோளுக்கு நல்லெண்ணெய் சுட வைத்துத் தேய். கருவாடு அனுப்பு, ஷோபனா கேட்கிறாள்.

போன கடிதத்தில் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். சுகர் உண்மைதான், ஆனால் அதற்காக நான் அந்தப் படி ஏறவில்லை. ஜனவரியில் கடையில் சிமெண்ட் ஏற்ற வந்த லாரி டிரைவர் ஒருவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். திடீரென்று என் முகத்துக்கு முன்னால் ஒரு கை முளைத்தது. இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எடுக்க வந்தது மேஜையில் இருந்த பேனாவை. கடையே சிரித்தது. "அரே பாயீ, என்னப்பா பயந்துட்டே" என்று அந்த மனிதரே என்னைத் தூக்கிவிட்டார். அன்றிலிருந்து யாராவது பக்கத்தில் வந்தாலே முதுகு கூசுகிறது. இப்படியே கிழவனாகிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. பயத்துக்குப் பயந்துதான் சேர்ந்தேன் அக்கா.

ஒரு மாதத்தில் கற்றது கொஞ்சந்தான். கயிறு தாண்டுகிறேன். கைக்குத் துணி சுற்றத் தெரிகிறது. பையைக் குத்தும்போது ஒன்றும் தெரிவதில்லை, பை திருப்பி அடிக்காதே. எதிரில் ஆள் நின்றால்தான் தொல்லை. தலைக்கவசம் போட்டுவிட்டு வைஜெயந்தி மெதுவாகத்தான் கையை வீசுகிறாள். வலப்பக்கம் வருவதை எப்படியோ தடுத்துவிடுகிறேன். இடப்பக்கம் வருவது ஒவ்வொன்றும் வந்து விழுகிறது. "அங்கிள், ஆங்க் பந்த் மத் கரோ. கண்ண மூடுனா குத்து நின்னுடுமா?" என்கிறாள். பயத்தில் கண்ணை மூடுகிறேன் போலிருக்கிறது. எனக்கே தெரியவில்லை.

உன் தம்பி
தேவேந்திரன்

---

கச்சால்,
20 ஏப்ரல் 2025

பாசமுள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் நலம் என்று கண்டு சந்தோஷம். கருவாடு இந்தக் கப்பலில் வருகிறது. வாசம் பிடித்து மாலுமிகள் அபேஸ் பண்ணாமல் இருந்தால் உனக்கு.

டிரைவர் கதையைப் படித்துச் சிரிப்பு வரவில்லை. பயம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? அந்த வருஷத்துக்கு முன்னால் நீ மேஜைக்கு அடியில் உட்காருகிற ஆள் இல்லை. கோழியை விடு, அது வேறு. அதைப் பற்றி நாம் பேசியதும் இல்லை, இப்போதும் வேண்டாம். மெதுவாகப் பழகு. கண்ணை மூடாதே.

இங்கே சித்ராவுக்கு என்மேல் மனத்தாங்கல். அங்கன்வாடி முடிந்து வேலியோரம் நின்று சிரித்தாளாம், நான் பார்க்காதது போலப் போய்விட்டேனாம். "அக்காவுக்குத் திமிரு வந்திருச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன செவ்வாய் பால் வாளியோடு மழைத்தண்ணீர் ஓடுகிற கானில் விழுந்தேன். காலில் சிராய்ப்பு, பால் பாதி போயிற்று. யாரும் பார்க்கவில்லை, அதுவரை நல்லது.

அக்கா
மரகதம்

---

கராச்சர்மா,
12 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுகத்துக்கு எழுது. முதலில் இதை உட்கார்ந்து படி.

நான் கண்ணை மூடவில்லை அக்கா. நான் மூடுகிறேன் என்று நிரூபிப்பதற்காக வைஜெயந்தி ஒரு காலேஜ் பெண்ணை விட்டு என்னை மொபைலில் வீடியோ எடுக்கச் செய்தாள். "பாருங்க அங்கிள், எப்படி மூடுறீங்கன்னு" என்று போட்டுக் காட்டினாள். பார்த்தோம். இடப்பக்கத்திலிருந்து அவள் கை சாவகாசமாக வருகிறது. என் இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருக்கிறது. கை வந்து கன்னத்தில் விழுகிற வரைக்கும் நான் அசையவே இல்லை. அவள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பிறகு சிரிக்கவில்லை. என்னை நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு என் இடது காதுக்குப் பக்கத்தில் விரலை ஆட்டினாள். "தெரியுதா?" என்றாள். எது தெரிய வேண்டும் என்று நான் கேட்டேன்.

மறுநாள் கண் டாக்டரிடம் போனேன். க்ளாக்கோமாவாம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்கிற நோய். வலிக்காது. ஓரத்திலிருந்து பார்வை தேய்ந்துகொண்டே வரும், நடுவில் மட்டும் கடைசி வரை தெளிவாகத் தெரிவதால் ஆளுக்குத் தெரியாது. எனக்கு இடது கண்ணில் பாதி போய்விட்டது. "கயா ஸோ கயா," போனது போனதுதான் என்றார். இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாமாம். இனி தலையில் ஒரு குத்தும் வாங்கக் கூடாது.

பிறகு ஒன்று கேட்டார். வீட்டில் யாருக்காவது கண் போயிருக்கிறதா என்று. அப்பாவுக்கு ரப்பர் ஷீட் போடுகிற ஆசிட் தெறித்துக் கண் போயிற்று என்றேன். இரண்டு கண்ணுமா, ஒரே நாளிலா என்று கேட்டார். யோசித்தேன். ஆசிட் தெறித்தது ஒரு தடவை, வலக்கண்ணில். முழுதாகத் தெரியாமல் போனது நாலைந்து வருஷம் கழித்து, இரண்டு கண்ணும். தோட்டம் முழுவதும் ஆசிட் என்று சொன்னது, நாமும் சொன்னோம். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. "இது ரத்தத்தில் வருகிறது. கூடப் பிறந்தவர்களை உடனே காட்டு" என்றார்.

அக்கா, அடுத்த கப்பலில் ஏறி வா.

உன் தம்பி
தேவேந்திரன்

---

கச்சால்,
8 ஜூன் 2025

பாசமுள்ள தம்பிக்கு,

நான் சுகம். உன் கண்ணுக்கு அம்மன் கோயிலில் விளக்குப் போட்டேன். மருந்தை நேரம் தவறாமல் விடு. ஷோபனாவை ஞாபகப்படுத்தச் சொல்லு, உனக்கு மறதி.

இங்கே மழை பிடித்துவிட்டது. கடல் மோசம். குழந்தைவேலு மகளுக்குக் கார் நிக்கோபாரில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். கருவாடு வந்து சேர்ந்ததா என்று நீ எழுதவே இல்லை.

அக்கா
மரகதம்

---

கராச்சர்மா,
26 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கருவாடு வந்தது. நலம் என்று எழுத மனம் வரவில்லை.

நான் கண்ணைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். நீ குழந்தைவேலு மகளின் மாப்பிள்ளையைப் பற்றி எழுதுகிறாய். உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். கதவு நிலையில் தோள் இடித்தது. வெட்டாமல் விட்ட இரண்டு மரம். வேலியோரம் நின்ற சித்ரா. கான். எல்லாம் நீ எழுதியதுதான், நான்தான் சிரித்துக்கொண்டே படித்து மடித்து வைத்திருக்கிறேன். தலை லைட்டின் வட்டத்துக்கு வெளியே தெரியவில்லை என்று எழுதினாயே, பகலிலும் உனக்கு அந்த வட்டம்தானா?

ஒரு சோதனை செய். வாசலில் நின்று எதிர் மரத்தையே பார். சித்ராவைப் பக்கத்தில் நின்று கையை ஆட்டச் சொல். தெரிந்தால் எனக்கு ஒரு வரி எழுது, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

போனை எடுத்தாலும் "நல்லா இருக்கேன்டா" என்று வைத்துவிடுகிறாய். நேற்று லைன் நன்றாகத்தான் இருந்தது, நீதான் வைத்தாய். வேலையில் அன்ஃபிட் என்று எழுதிவிடுவார்கள் என்று பயமா? குவார்ட்டர்ஸ் போனால் போகட்டும், எங்கள் வீட்டில் ஒரு அறை இருக்கிறது. எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள் அக்கா.

தேவேந்திரன்

---

கச்சால்,
19 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய தேவேந்திரன் அண்ணாவுக்கு,

சித்ரா எழுதுவது. நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் எழுதுவது மரகதம் அக்காவுக்குத் தெரியாது, தெரிந்தால் என்னோடு பேச மாட்டார்.

உங்கள் கடிதத்தை அக்கா என்னிடம் காட்டவில்லை. ஆனால் கையை ஆட்டச் சொன்னார். எதற்கென்று தெரியாமல் ஆட்டினேன். "எப்ப ஆட்டப் போற?" என்று கேட்டார். நான் ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன் அண்ணா. இரண்டு பக்கமும் பார்த்தோம். வலது கண்ணில் அனேகமாக ஒன்றும் இல்லை. இடது கண்ணில் மட்டும் ஒரு வளையல் அளவுக்குத் தெரிகிறது என்று அவரே சொன்னார். எழுதுவது, அரிசியில் கல் பொறுக்குவது எல்லாம் அதை வைத்துத்தான். கிணற்றுக்குக் கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறார். திமிர் என்று சொன்னதை நினைத்து அழுகிறேன்.

ஜூலைக் கப்பலுக்கு நான்தான் சண்டை போட்டு டிக்கெட் எடுத்து, கப்பல் நிற்கிற ஜெட்டி வரை கூட்டிப் போனேன். ஏணிப் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். கண் தெரியாததால் பயம் என்று நினைத்தேன். வழியில் கேட்டதற்கு, "இது தண்டனை புள்ள. டாக்டரு மருந்து போட்டு மாத்துற வெசயமில்ல" என்றார். எந்தத் தண்டனை என்று சொல்ல மாட்டேன் என்கிறார். நீங்கள் நேரில் வந்தால்தான் ஆகும்.

இப்படிக்கு
சித்ரா

---

கராச்சர்மா,
7 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமில்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே.

நான் வரப் போனேன். தீவுக்குள் வர பாஸ் எழுதி வாங்கினேன், டிக்கெட் எடுத்தேன், பையோடு ஜெட்டிக்குப் போனேன். இருபது வருஷத்தில் முதல் முறை. கப்பலுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் ஒரு முழம் கறுப்புத் தண்ணீர் ஏறி இறங்குகிறது. அதைப் பார்த்தேன். கால் எடுத்து வைக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் "சலோ, சலோ" என்று தள்ளினார்கள். வரிசையை விட்டு விலகி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கப்பல் போயிற்று. வீட்டுக்கு வந்து ஷோபனாவிடம் கப்பல் கேன்சல் என்றேன். அவள் நம்பவில்லை.

வகுப்புக்கு இன்னும் போகிறேன். என்மேல் இப்போது யாரும் குத்துவதில்லை, வைஜெயந்தி கையில் பிடிக்கும் மெத்தையை நான் குத்துகிறேன். அவளிடம் ஜெட்டியில் நடந்ததைச் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தேன். "எனக்கு ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாடியும் வாந்தி வரும் அங்கிள். எடுத்துட்டு ஏறுவேன். நீங்க வாந்தி எடுத்தீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "ஃபிர் க்யா, அப்ப இன்னும் டிரை பண்ணவே இல்ல" என்று மெத்தையை நீட்டினாள்.

உனக்கு ஏதோ தண்டனை என்று தோன்றுகிறதா? இருந்தால் அதை எனக்கு எழுது. எனக்கும் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

தேவேந்திரன்

---

கச்சால்,
30 செப்டம்பர் 2025

பாசமுள்ள தம்பிக்கு,

சித்ரா ஒப்புக்கொண்டாள். அவளைத் திட்டவில்லை, பயப்படாதே. நீ வாரத்துக்கு ஒரு கடிதம் எழுதினாலும் நான் நலம் என்றுதான் எழுதியிருப்பேன். தண்டனை என்ற வார்த்தையை எழுதினாய். அதனால் எழுதுகிறேன்.

பூமி ஆடிய அந்தக் காலையில் நான் ரப்பர் மேட்டில் நின்றேன். பால் எடுக்கப் போனவள் தப்பிவிட்டேன். கீழே நீ அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. கண் தெரியாத மனுஷர், வேர் தட்டித் தட்டி வருகிறார். பின்னால் கடல் எழுந்து வருகிறது. நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். இரண்டு பேரும் ஏறி வர நேரம் இல்லை. ஒருவருக்குத்தான் இருந்தது.

"அவர விட்டுட்டு ஓடியா தேவா" என்று கத்தினேன். இரண்டு தடவை கத்தினேன். நீ விட்டாய். ஓடி வந்தாய். அப்பா கையை முன்னால் நீட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

நீ என் சொல்லைக் கேட்ட பிள்ளை. பாவம் உன்னுடையது இல்லை, அதனால்தான் உன்னோடு அதைப் பேசவே இல்லை. கண் இல்லாதவரை விட்டுவிட்டு வா என்று கத்தியவளுக்குக் கண் போகிறது. அதில் என்ன அநியாயம்? இரண்டு வருஷமாகத் தெரியும் எனக்கு. இருட்டு ஓரத்திலிருந்து உள்ளே வருவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது தம்பி. ரொம்பப் பயமாக இருக்கிறது. ஆனாலும் அதற்கு மருந்து விட எனக்கு உரிமை இல்லை.

நீ கப்பல் ஏற வேண்டாம். உன் கண்ணைப் பார்த்துக்கொள்.

அக்கா
மரகதம்

---

கப்பலில், கச்சாலுக்கு முன்,
17 அக்டோபர் 2025

அக்கா,

உன் நலம் விசாரிக்க இன்னும் ஒரு மணி நேரத்தில் நேரிலேயே வந்துவிடுவேன். இருந்தும் எழுதுகிறேன். முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது.

ஜெட்டியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். ஷோபனா வழியனுப்ப வந்தாள், ஆனால் தள்ளவில்லை. நானாகத்தான் ஏறினேன். வழி முழுவதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், தூங்கவில்லை.

நீ கத்தியது எனக்குக் கேட்கவில்லை.

இருபது வருஷத்துக்குப் பிறகு உன் கடிதத்தில்தான் நீ மேட்டிலிருந்து எங்களைப் பார்த்தாய் என்பதே எனக்குத் தெரிய வந்தது. அன்று காதில் இருந்தது தண்ணீர் சத்தம் ஒன்றுதான், பக்கத்தில் அப்பா பேசியதே கேட்கவில்லை. நீ கத்தியும் கத்தாமலும் ஒன்றுதான் அக்கா. நான் திரும்பிப் பார்த்தேன். கடல் தென்னை உயரத்துக்கு நின்றது. அப்பா என் கையின் இரண்டு விரலைப் பிடித்திருந்தார், சுண்டு விரலையும் அடுத்ததையும். நான் விட்டேன் என்று சொல்வது கூடப் பொய். அவர் விடவில்லை. நான் உருவிக்கொண்டேன். உருவும்போது "என்னடா" என்றார். அது மட்டும் வாய் அசைவில் தெரிந்தது.

யாரும் சொல்லி நான் அதைச் செய்யவில்லை. உன்னைச் சாக்காக வைத்துக்கொள்ள இன்று நீயே ஒரு வழி கொடுத்திருக்கிறாய். எடுத்துக்கொள்ள ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நான் செய்ததற்காக நீ கண்ணைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

டாக்டரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். வளையல் அளவு என்றதும் எழுந்து நின்றுவிட்டார். ஆபரேஷன் செய்தால் அந்த வளையலைக் காப்பாற்ற முடியலாம், ஆனால் தள்ளிப் போடக் கூடாது என்றார். இந்தக் கப்பல் சாயங்காலம் மூன்று மணிக்குத் திரும்புகிறது. மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறேன். சித்ராவும் வருகிறாள்.

இதை அவளிடம் கொடுத்து உள்ளே அனுப்புகிறேன். அவளை வாசிக்க விடாதே, உனக்குத் தெரிகிற அந்த இடத்தில் வைத்து நீயே படி. இதைப் படித்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஏணியில் ஏற உனக்குப் பயமாக இருக்கலாம். இருந்தால் சொல்லிவிடு, நீ சித்ரா கையைப் பிடித்துக்கொண்டு ஏறு, நான் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

நான் வெளியே வாசல் படியில் நிற்கிறேன். படித்து முடித்ததும் கூப்பிடு.

தேவா